அச்சங்குளத்துக்கு இருமிக்கொண்டே போன கார்

காலை ஆறரை, மதுரை. புறப்படும்போது கார் நன்றாகத்தான் ஓடியது. அந்தக் காரிடம் எனக்குப் பிடிக்காத குணமே அதுதான். இருபத்தைந்து வயதான பெட்ரோல் வண்டி. என் மனைவியின் அண்ணன் தங்கராஜ் சிவகாசியில் ஓட்டி அலுத்துப்போய், போன வருடம் என் தலையில் கட்டியது. வீட்டு வாசலில் சாதுவாக நிற்கும். ஊர் எல்லையைத் தாண்டியதும் நாலு சிலிண்டரில் ஒன்று வேலைநிறுத்தம் செய்யும். வண்டி குலுங்கும், இருமும், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. என் கொழுந்தியாள் ஜெபா சாத்தூரில் நர்ஸ், வீடு அச்சங்குளத்தில். மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் வேலைக்கு அவளை மதியம் இரண்டு மணிக்கு நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வெகுநாளாக அவள் ஆசைப்பட்ட வேலை. அசல் சான்றிதழ்களோ கலர் நகல் எடுப்பதற்காக மச்சானின் லேபிள் அச்சகத்துக்குப் போயிருந்தன. சிவகாசியில் சான்றிதழையும் மச்சானையும், அச்சங்குளத்தில் ஜெபாவையும் ஏற்றிக்கொண்டு நான் திரும்ப வேண்டும். மச்சான் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவள் பஸ்ஸிலேயே வந்துவிடுவாள் என்று மனைவி சொன்னதை, "கார் எதுக்கு இருக்கு?" என்று வீரமாக மறுத்தவன் நான்தான்.

ஏழே முக்கால், விருதுநகர். ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் வருவதற்குள் எத்தனை இருமல் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். மிளகாய் வற்றல் கடைகள் இருக்கும் தெருவின் கோடியில் ஒரு மெக்கானிக் அப்போதுதான் கடை திறந்திருந்தார். அவர் பானெட்டைத் தூக்கியதும் கார் சமர்த்தாக ஓடிக் காட்டியது.

"நல்லாத்தான இருக்கு. என்ன கோளாறுங்கீக?"

"இங்க நல்லாத்தான் இருக்கும். ரோட்டுல போனாத்தான் இருமுது."

"அப்ப ரோட்டுல போகாதீக" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். நான் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டிருந்ததால் சிரிக்க முடியவில்லை. நாலு பிளக்கையும் மாற்றி அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். சிவகாசி போகும் சாலையில் ஆறு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன், பழைய இருமல் புதிய பிளக்கோடு வந்தது.

ஒன்பதே கால், சிவகாசி. மச்சான் சான்றிதழ் உறையை வெள்ளி மினுங்கும் லேபிள் தாளில் பொதிந்து வைத்திருந்தார். இந்த ஊரில் அச்சில் தவறிப்போன தாள் குப்பைக்குப் போவதில்லை. இட்லி கட்டுவார்கள், பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போடுவார்கள், தகரக் கூரையில் ஒழுகும் இடத்தில் திணிப்பார்கள். மச்சான் இதில் ஊருக்கே ஒரு படி மேல்.

"பெட்ரோல்தான் சரியில்ல மாப்ளே" என்றார் ஏறும்போதே. டீக்கடையில் பன்னிரண்டு ரூபாய் டீ குடித்த பெரியவர் கார்புரேட்டர் என்றார். டீ ஆற்றியவர் காயில் என்றார். அடுத்தவன் காருக்கு வைத்தியம் சொல்ல நம் ஊரில் யாருக்கும் படிப்பு வேண்டாம். சாத்தூரில் இன்னொரு மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டுவதில் முக்கால் மணி நேரம் போயிற்று. அங்கேயும் கார் தேனாக ஓடியது. எனக்கு அழுகை வராத குறை.

பதினொன்று, அச்சங்குளம் போகும் சாலை. வெயில் ஏறிவிட்டது, சாலையோ குண்டும் குழியும். கருவேல மரங்களுக்கு அப்பால் பட்டாசு ஆலையின் அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளித் தெரிந்தன. வண்டி குலுங்கியது, இருமியது, பிறகு இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தது. சைலன்ஸர் வழியாக 'டமார்' என்றது. நான் பதறி ஆக்சிலேட்டரை விட்டதும் இன்னொரு 'டமார்'. அத்தோடு இஞ்சின் நின்றது.

முதலில் ஆலைக்குள்ளிருந்துதான் ஓடி வந்தார்கள். கையெல்லாம் வெடிமருந்துப் பொடி அப்பியிருந்த பெண்கள் வெளியே வந்ததும் ஒருவர் பெயரை ஒருவர் கூவி, வந்துவிட்டார்களா என்று பார்த்தார்கள். எதிர்ப்பக்கம் ஊருக்குள்ளிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். "ஏலே, எந்தக் கம்பெனிலே?" என்று ஒருவர் கத்தினார். அந்தக் கூட்டத்துக்கு முன்னால், இஸ்திரி போட்ட நீலப் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, காலில் செருப்பில்லாமல், கையில் மருந்துப் பெட்டியோடு ஜெபா ஓடி வந்தாள்.

"தள்ளுங்க அத்தான், எம்புட்டுப் பேருக்குக் காயம்?" என்று நிற்காமலே கேட்டாள்.

"யாருக்கும் இல்ல ஜெபா. சத்தம் கார்ல இருந்துதான் வந்துச்சு."

அவள் நின்றாள். காரைப் பார்த்தாள். பிறகு சாலை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் சேர்த்து ஓர் அம்மா திட்டினார்: "எம்மக உள்ள வேல பாக்கா. உசிரு போயித் திரும்பி வந்திருக்கு. இதெல்லாம் ஒரு வண்டின்னு இங்கன கொண்டாந்தீகளா?" காலையிலிருந்து நான் பட்ட எரிச்சலெல்லாம் எத்தனை அற்பம் என்று வெட்கமாக இருந்தது. ஆலை மேற்பார்வையாளர் இங்கே ஸ்டார்ட் செய்யவே கூடாது என்றுவிட்டார். அந்த அம்மாவும் மற்றவர்களும் சேர்ந்தே காரைத் தள்ளினார்கள். அது அன்பினால் அல்ல, தொலைந்தால் போதும் என்று.

ஆலையிலிருந்து வெகு தூரம் தள்ளிப்போய், ஒரு சைக்கிள் கடை முன்னால் பானெட்டைத் திறந்தேன். பிளக்குக்குப் போகும் ஒயர் ஒன்றில் கறுப்பு டேப் வெயிலில் இளகிப் பிரிந்திருந்தது. அடியில் என்னவோ மினுங்கியது. பிடித்து இழுத்தேன். ராக்கெட் படம் போட்ட வெள்ளித்தாள் சுருள் சுருளாக வந்தது.

"இது என்ன மச்சான்?"

"அதுவா? ஒயர எலி கடிச்சிருந்துச்சு மாப்ளே. நம்ம தாளச் சுத்தினா எலி அண்டாது. நாலு சுத்துச் சுத்தி மேல டேப்பும் போட்டேன். பக்காவா இருக்கும்."

வெள்ளி மினுக்கு என்பது உலோகப் பூச்சு. பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் எலி கடித்த இடத்தில் கசிந்து, குலுங்கும்போதெல்லாம் மச்சானின் ராக்கெட் வழியாக இஞ்சின் உடம்பில் இறங்கியிருக்கிறது. எரியாத பெட்ரோல் சூடான சைலன்ஸரில் போய் வெடித்திருக்கிறது. நின்ற இடத்தில் குலுக்கல் இல்லாததால் எந்த மெக்கானிக்கிடமும் வண்டி மாட்டவில்லை. நான் சுருளை மச்சான் கையில் கொடுத்தேன். "அண்ணே, நீ பேசாம ஏறு" என்றாள் ஜெபா. சைக்கிள் கடையில் வாங்கிய பழைய ட்யூப்பைக் கீற்றாக வெட்டி ஒயரில் இறுகச் சுற்றினேன்.

பன்னிரண்டேகாலுக்குப் புறப்பட்டோம். நாலு வழிச் சாலையில் கார் ஒருமுறைகூட இருமவில்லை.

ஒன்றே முக்கால், மதுரை. மருத்துவமனைக்கு முந்தைய சிக்னலில் நின்றோம். சைலன்ஸரை மாற்றி வைத்திருந்த ஒரு பைக் பக்கத்தில் 'படார்' என்றது. பூ விற்றவர் நிமிரவில்லை. போக்குவரத்துக் காவலர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எங்கள் காரின் பின்கதவு மட்டும் திறந்திருந்தது. ஜெபாவின் ஒரு கால் சாலையில் இருந்தது, கையில் மருந்துப் பெட்டி.

"பைக்கு தாயி" என்றார் மச்சான், மெதுவாக.

அவள் காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினாள். "ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கலையே அத்தான்" என்றாள்.

இத்தனை வருடமாக மதுரையில் இந்தச் சத்தத்துக்கு நான் முகம் சுளித்திருக்கிறேன், திட்டியிருக்கிறேன். வெறுமனே எரிச்சல்பட்டுவிட்டு மறந்துபோக முடிவது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. மருத்துவமனை வாசலில் இறங்கியபோது அவள் புடவைக் கரையெல்லாம் கரிசல் மண். துடைத்துக்கொள்ளத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "நேரமாச்சு அத்தான்" என்று சொல்லிவிட்டு அப்படியே உள்ளே போனாள்.