வேலிக்கு மட்டும் பணம் வேண்டாம்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த அந்த வாரம், வடக்கனந்தல் பக்கத்தில் எங்கள் தெருப் பெண்களுக்காக நான் எழுதிய மனு வீட்டிலேயே கிடந்தது. ஏரிக்கரையில் பொதுக் காய்கறித் தோட்டம் போட ஒரு தொண்டு நிறுவனத்திடம் நிதி கேட்கும் மனு அது. சாலையோர வேல மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்ததால் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் இல்லை.

மறியல் முடிந்ததும் அடிமரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்; முள் கிளைகள் ஓரத்திலேயே கிடந்தன. எங்கள் பெண்கள் அவற்றை இழுத்து வந்து தோட்டத்துக்கான இடத்தைச் சுற்றி அடைத்துவிட்டார்கள்.

"வேலிதான் கீதே, இன்னும் இன்னாத்துக்குக் காசு? மனுவுல வேலிக்குக் கேட்ட எடத்த அடிச்சுடு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

மனுவிலேயே நான் நன்றாக எழுதியிருந்தது வேலியைப் பற்றிய பத்திதான். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். விதைக்கும் பூவாளிக்கும் மட்டும் கேட்டோம்.

இடம் பார்க்க வந்த தொண்டு நிறுவன அதிகாரி அடித்திருந்த பத்தியைக் காட்டி, "வேலி வேணாமா? ஆடு பூந்துடுமே" என்றார். பேசிக்கொண்டே உள்ளே நுழையப் பார்த்தார். சட்டைக் கை முள்ளில் மாட்டிக்கொண்டது.

முள்ளை விலக்கிவிட்டுக்கொண்டே சொன்னேன்: "நீங்களே உள்ள வர முடியல சார், ஆடு எங்க வரும்?"