மாமியார் தேய்த்த ஸ்பார்க் பிளக்

பூச்செடி ஏற்றும் என் பழைய பெட்ரோல் பிக்கப், மேம்பாலம் ஏறும்போதெல்லாம் இருமியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரு அடுகோடி வீட்டு வாசலில் நானே ஸ்பார்க் பிளக்குகளையும், அவற்றுக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்களையும் மாற்ற உட்கார்ந்தேன். பழைய பிளக் நான்கையும் கழற்றிப் புதியவற்றின் பக்கத்தில் வைத்துவிட்டு, டீ குடிக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால், எட்டு பிளக்குகளும் ஒரு தட்டில் இரண்டு வரிசையாகப் பளபளவென்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"ஒரே கரி மாப்ள. பாத்திரப் பொடி போட்டுத் தேச்சிட்டேன்" என்றார் சேலத்திலிருந்து வந்திருந்த மாமியார்.

"இதுல புதுசு எது அத்தை?"

"இப்ப எல்லாமே புதுசுதான்!"

கோபத்தை விழுங்கிக்கொண்டு, ஒரு வரிசையைப் புதுக் காயில்களோடு பூட்டினேன். வண்டி முன்பைவிட அதிகமாக உதறியது. கழற்றிவிட்டு அடுத்த வரிசையைப் பூட்டியதும் சீராக ஓடியது.

மாமியார் என் மனைவியைக் கூப்பிட்டார். "பாத்தியா? நான் தேச்சதாலதான் ஓடுது."