வத்தல் அறையில் பதினொரு நாள்

என் மாடல் வாழ்க்கை மொத்தம் ஆறு வாரம். அதில் பதினொரு நாளை எங்கள் வீட்டு மிளகாய் வத்தல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து கழித்தேன். மீதி நாட்களை நாடே பார்த்தது. இந்தப் பதினொரு நாளைப் பற்றித்தான் யாருக்கும் தெரியாது.

அதற்கு முன் ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றேன். கட்டினால் எப்படி இருக்கும் என்று காட்ட, விற்கிறவனே முந்தானையைத் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். "தம்பி, எங்களவிட ஒங்களுக்குத்தான் எடுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு, பெண்கள் வேறு நிறம் கேட்பார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் மாடல் போட்டிக்கு மதுரையில் ஆள் எடுத்தபோது அந்தப் பாராட்டை நம்பிப் போனேன். ஆறடி உயரம், தோள் வரை முடி, வரப்பில் நடந்து பழகிய கால். ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறுபாதம் வைத்து நான் நடந்ததைப் பார்த்துவிட்டு, பயிற்சி தரும் அம்மாள் "எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார். கடலாடிப் பக்கம் என்றேன், எங்கள் ஊர் அங்கேதான். நல்ல பயிற்சி நிலையம் போலிருக்கிறது என்று குறித்துக்கொண்டார்.

ராமநாதபுரம் மாவட்டம் என்றதும் நான் அலையில் பிறந்தவன் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். எங்கள் ஊர்க் கண்மாயில் கணுக்கால் நனைந்தாலே அது நல்ல வருஷம். நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "சொந்த மண்ணில் சுற்று" என்று எல்லோரையும் தனுஷ்கோடிக்குக் கூட்டி வந்து, பட்டு வேட்டியோடு கடலிலிருந்து எழுந்து வரச் சொன்னார்கள். எழுந்தேன். ஓர் அலை என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. என்னை இரண்டு பேர் இழுத்துப் போட்டார்கள், வேட்டியை மூன்றாவது ஆள் கொண்டு வந்தார். அன்றைக்கே நடுவர்கள் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அன்று புதன்கிழமை. அந்தப் பகுதி ஒளிபரப்பாவது வரும் ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு. அதுவரை நான் தோற்றதை யாருக்கும் சொல்லக் கூடாது, வீட்டாருக்கும்கூட. முடியில் கத்தரி படக் கூடாது, ஏனென்றால் கடைசிச் சுற்றில், தோற்றவர்களையும் மேடையேற்றுவார்கள். மீறினால் வழக்கு. எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டிருந்தேன். தோற்றவர்களைச் சென்னையில் ஒரு விடுதியில் வைத்திருப்பார்கள். நான்தான் வீரனாக, "வீடு பக்கத்துலதான் சார், ஒரு ஈ காக்கா பாக்காம இருந்துக்குவேன்" என்றேன். விடியுமுன் வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள்.

வீட்டில் அம்மா மட்டும்தான். நடுவில் லீவு விட்டிருக்கிறார்கள், நான் வந்தது ஊருக்குத் தெரிந்தால் போட்டியே போய்விடும் என்றேன். பாதி உண்மை. அம்மா சந்தேகப்படாமல் என்னை வத்தல் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

முதல் ஞாயிறன்று, நான் ஜெயித்த முந்தைய சுற்றைப் பார்க்க ஊரே எங்கள் வீட்டில் கூடிவிட்டது. டிவிக்கும் எனக்கும் நடுவே ஒரு பலகைக் கதவு. "ஏலே, மொளகா பறிக்கப் போறவன் மாதிரியே நடக்குறான்டா" என்று என் நடையை ஒருவர் சரியாகக் கண்டுபிடித்தார். சிரிப்பை அடக்கினேன். தும்மலை அடக்க முடியவில்லை.

"உள்ள யாரு அத்தாச்சி?"

"எலி."

"எலி தும்முமாக்கும்?"

"வத்தலத் தின்னா தும்மாதா?" என்றாள் அம்மா.

கூட்டம் போனதும் சோற்றுத் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. "நீ ஜெயிச்சா முடி எறக்குறேன்னு கொலசாமிக்கு வேண்டியிருந்தேன்லே. வெள்ளிக்கெழமயே எறக்கிருறேன்."

"ஜெயிச்ச பெறகுதானம்மா?"

"ஜெயிச்ச பெறகு குடுத்தா அது கூலி. முன்னாடியே குடுத்துட்டா சாமிக்கு ஒரு கூச்சம் வருமா இல்லையா? முடி எறக்குற ஆளுக்கும் சொல்லியாச்சு."

அம்மாவுக்கு முழங்கால் வரை முடி. எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், பெரிய கொண்டைக்காரி வீடு என்றுதான் ஊரில் சொல்வார்கள். அந்த முடி நான் ஏற்கெனவே தோற்றுவிட்ட போட்டிக்காகப் போகப் போகிறது. தடுக்க வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். கதவு வெளியே பூட்டியிருந்தது. வாயை நானே பூட்டியிருந்தேன்.

திங்களன்று, கடைசிச் சுற்றில் அம்மாக்களையும் மேடைக்கு அழைப்பார்கள் என்று புளுகினேன். "சேலத் தலப்பப் போட்டுக்கிறேன்" என்றாள். புதனன்று, சாமி கனவில் வந்து வேண்டாம் என்றதாகச் சொன்னேன். "எங்கிட்ட வந்து சொல்லச் சொல்லு" என்றாள். வியாழன் மாலை என்னிடம் வேடிக்கைப் பேச்சு தீர்ந்துபோனது.

"எனக்காகத்தானம்மா வேண்டுன? என் முடிய எறக்கிரு."

"ஒன் முடியவா? அதுல கை வைக்கக் கூடாதுன்னு டிவிக்காரவுக எழுதி வாங்கியிருக்காகன்னு நீதானே சொன்ன? மொட்டத் தலையோட எப்படிலே ஜெயிப்ப?"

தலையைக் குனிந்துகொண்டேன். ஒப்பந்தத்தில் குனியக் கூடாது என்று எழுதியிருக்கவில்லை.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"கடல்லயா?"

"சொல்லக் கூடாதும்மா."

"சொல்லாத. வந்த அன்னைக்கு ஒன் துணியில கடல் மண்ணு அலசி அலசி மாளல. நீச்சல் தெரியாதுன்னு அவுககிட்ட வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"கேக்கலையே."

அவள் எழுந்து கொண்டையை அவிழ்த்தாள், உதறினாள், இறுக்கி முடிந்தாள். "நாளைக்கு வர வேணாம்னு சொல்லிவிட்டுர்றேன். சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

அடுத்த ஞாயிறு கூட்டம் இன்னும் அதிகம். அலைச் சத்தம் டிவியில் கேட்டதும் நான் காதைப் பொத்திக்கொண்டேன். பொத்தியும் கேட்டது: "ஏலே, முங்குறான்டா! வேட்டி எங்கடா?" வீடு அதிரச் சிரித்தார்கள். நடுவர் என் பெயரைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. அப்போது அம்மா அழுதாள், அந்த நிமிஷம்தான் தெரிந்தவள் போல. அடேயப்பா, போட்டிக்கு இவளை அல்லவா அனுப்பியிருக்க வேண்டும் என்று முதலில் நினைத்தேன். எல்லோரும் தேற்றிவிட்டுப் போக ஆரம்பித்த பிறகும் அவள் அழுகை நிற்கவில்லை.

கதவைத் திறந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. "வத்தல் நெடி" என்றாள், நான் கேட்காமலேயே. "வெளிய வாலே. இனி என்ன, ஊருக்கே தெரிஞ்சு போச்சே."

பதினொரு நாளாக அந்தக் கதவு திறக்காதா என்று கிடந்தவன் நான். இப்போது அதற்கு அந்தப் பக்கம் ஊரே இருந்தது.

"இன்னும் ரெண்டு நாள் இங்கனயே இருந்துக்கிறேனேம்மா."

அம்மா சோற்றுத் தட்டை உள்ளே நகர்த்திவிட்டுக் கதவைச் சாத்தினாள். மறந்துவிட்ட துண்டை எடுக்க யாரோ வாசலுக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும்.

"யாருகிட்ட அத்தாச்சி பேசுறீக?"

"எலிகிட்டத்தான்" என்றாள் அம்மா.