ஜமால் பாய் மெயிலை மூடின கதை

ஜெராக்ஸ், ஆன்லைன் கடை வைத்து அவதிப்படும் என் சக ஜீவன்களே, நம்ம தொழிலில் மெஷின் தப்புப் பண்ணினாலும் திட்டு நமக்குத்தான். வில்லியனூரில் பத்து வருஷமாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை மெஷின் ஒரு பாவமும் பண்ணவில்லை.

லைன் வேணாம், அட்ரஸ் வேணும்

என் கடைக்குப் பக்கத்து வீடு ஜமால் பாய். ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். மனைவி தவறிய பிறகு தனியாக இருக்கிறார். ஒருநாள் காலையில் வந்து, "போன்லயே நெட் வருது, வூட்டு நெட்ட கட் பண்ணிடும்மா. மெயில் அட்ரஸ் மட்டும் அப்படியே இருக்கணும்" என்றார்.

அந்த அட்ரஸ் நெட் கம்பெனி லைனோடு சேர்த்துக் கொடுத்தது. லைன் போனால் அதுவும் போய்விடும். புதுசாக ஒன்று இரண்டு நிமிஷத்தில் போட்டுத் தருகிறேன் என்று தலைகீழாக நின்று பார்த்தேன். "உங்களுக்கு யார் பாய் மெயில் எழுதப் போறாங்க?" என்றுகூடக் கேட்டுத் தொலைத்தேன். என் வாய் அப்படி. பாய் சிரித்தார். "எனக்கு எவனும் எழுத மாட்டான்மா. ஆனா அது மூடக் கூடாது."

டபுள் ஸ்பீடு

கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அரை மணி நேரம் பாட்டுக் கேட்டபிறகு ஒரு பெண் வந்தாள். சனிக்கிழமை ஆள் வந்து லைனைக் கழற்றுவார், தேதியை மாற்ற முடியாது, அந்த நிமிஷமே மெயிலும் மூடிவிடும், வேண்டியதை முன்னாலேயே எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். மெயிலுக்காக மாசாமாசம் காசு கட்ட முடியாதென்று பாய் மனசில்லாமல் சரி சொன்னார். அவள் அதோடு விட்டாளா? டபுள் ஸ்பீடு பிளான் இருக்கு சார், போட்டுக்கோங்க என்று மூன்று தடவை. நானாயிருந்தால் கத்தியிருப்பேன். பாய் குரலே உயர்த்தவில்லை. "நான் வூட்ட காலி பண்றேன்றேன், நீ மாடி கட்டித் தரேன்றியே தாயி!"

ஸ்டார் போட்ட கட்டம்

வேண்டியதை எடுத்து வைக்கலாமென்று அவர் மெயிலைத் திறந்தேன். அடேயப்பா! கனகாவின் பாஸ்போர்ட், தையல்கடை சீனுவின் ரேஷன் கார்டு, கரும்பு போட்டிருக்கும் குமரவேல் மகள் செல்வியின் நர்சிங் அட்மிஷன். தெருவே உள்ளே இருந்தது. பாய்க்கென்று ஒன்றுகூட இல்லை.

உங்களுக்குத் தெரியாததா? விண்ணப்பப் பாரத்தில் மெயில் ஐடி கட்டத்துக்கு ஸ்டார் போட்டிருப்பான். காலியாக விட்டால் பாரம் நகராது. வந்தவருக்கு மெயில் கிடையாது, பின்னால் இன்னும் ஆறு பேர் நிற்கிறார்கள். கைக்கு வந்த ஒரு அட்ரஸைத் தட்டிவிடுவோம். நான் தட்டியதெல்லாம் பாய் அட்ரஸ்! ஏதாவது வந்தால் அவரே அந்த வீட்டுக்கு நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "கோவமா பாய்?" என்றேன். "அட்ரஸப் போட்டுக்கட்டுமான்னு நீ மொத வாட்டி மட்டுந்தான் கேட்டம்மா. அப்புறம் கேக்கவேயில்ல. நானும் போவட்டும்னு வுட்டுட்டேன்."

சனிக்கிழமை

எல்லோரையும் கடைக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு அட்ரஸ் போட்டுக் கொடுத்தேன். ஆனால் பாரத்தில் பழைய அட்ரஸை மாற்ற ஓடிபி வேண்டும். அது பழைய மெயிலுக்குத்தான் வரும். அதாவது பாய் மெயிலுக்கு. வெள்ளிக்கிழமைக்குள் எல்லோருக்கும் முடிந்தது, செல்வியைத் தவிர. அவளுடைய அட்மிஷன் சைட் இரண்டு நாளாகப் படுத்துக் கிடந்தது. சீட் கிடைத்த தகவல் அடுத்த வாரம் மெயிலில்தான் வரும். பார்க்காமல் விட்டால் சீட் வேறொருத்திக்கு.

சனிக்கிழமை காலை சைட் எழுந்தது, கூடவே லைன்மேனும் ஏணியோடு வந்து சேர்ந்தார். ஓடிபி வரவில்லை. செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. "தவளக்குப்பத்துல இன்னும் மூணு வூடு இருக்குக்கா" என்று லைன்மேன் அவசரப்பட்டார். பாய் அவர் கையில் டீயைக் கொடுத்து உட்காரவைத்தார். சமோசா வந்தது. இரண்டாவது டீயும் வந்தது. அப்புறம்தான் ஓடிபி வந்தது. செல்வி அட்ரஸை மாற்றி முடித்ததும் லைன்மேன் லைனைக் கழற்றித் தன் போனில் ஒரு பட்டனை அமுக்கினார். மெயில் மூடிக்கொண்டது.

"அப்ப இனிமே யார் வூட்டுக்கும் போய்ச் சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் இல்லியாம்மா?" என்றார் பாய். அந்த மனுஷன் எதற்காகப் பிடிவாதம் பிடித்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. செல்விதான் அவர் போனை வாங்கி என்னமோ தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "என் மெயில இதுல போட்டுட்டேன் பாய் தாத்தா. சீட்டு வந்தா நீங்க வூட்டுக்கு வந்து சொல்லுங்க, நான் சொன்னா எங்கப்பா நம்ப மாட்டாரு."

இதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் தங்கள் மெயிலை அவர் போனிலேயே போட்டதில், ஒரே ஒரு மெயிலை வைத்திருந்த பாய் இப்போது தெருவில் அத்தனை பேர் மெயிலையும் வைத்திருக்கிறார், பாஸ்வேர்டு மறந்தால் மட்டும் திட்டு வழக்கம்போல எனக்கு.