சாமைச் சோறு வேகும் வரை

இரண்டு வருடங்களுக்கு முன், காலாண்டு விடுமுறையில், தேனிப் பக்கம் ஐந்து நாள் போயிருந்தபோது நடந்தது இது. சேலத்திலிருந்து எங்கள் காரிலேயே போனோம். நான், என் கணவர், பதினொரு வயது மகள். மூன்றே பேர்தான். ஆனால் அதற்கு நான் போட்ட திட்டத்தைப் பார்த்தால், முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு காசிக்குப் போகிறவள் என்றுதான் நினைப்பீர்கள்.

நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. கேஸை அணைத்தோமா என்று பார்க்க, பஸ் ஸ்டாப் வரை போய்விட்டுத் திரும்பி வருகிற ரகம். மகளுக்கு ஒன்பது வயதில் சர்க்கரை நோய் என்று தெரிந்த பிறகு கேட்கவே வேண்டாம். பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை இது. பெரும்பாலும் குழந்தைகளுக்கு வருகிற டைப் ஒன். மாத்திரையில் அடங்காது. ஒவ்வொரு வேளையும் சாப்பிடுவதற்கு முன் இன்சுலின் ஊசி போட வேண்டும். போட்டால் கொஞ்ச நேரத்துக்குள் சாப்பிட்டே ஆக வேண்டும். தாமதமானால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கும். ரொம்பவும் இறங்கினால் என்னவெல்லாம் ஆகும் என்று டாக்டர் விளக்கிய நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான தூக்கம் கிடையாது.

அந்த இரண்டு வருடமும் நாங்கள் எங்கேயும் போகவில்லை. எங்காவது போகலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்த மகள், ஒரு கட்டத்தில் கேட்பதையே விட்டுவிட்டாள். அதுதான் என்னை உறுத்தியது. சரி, போய்த்தான் பார்ப்போம் என்று கிளம்பினேன். லாட்ஜ் சரிப்படாது. காலை டிபன் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அறையில் ஃப்ரிட்ஜ் இருக்குமா என்பதும் சந்தேகம். ஹோம் ஸ்டே என்றால் வீட்டுச் சமையல். காலைப் பலகாரம் வாடகையோடு சேர்ந்தே வந்துவிடும். இன்சுலினை அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே வைக்கச் சொல்லலாம். முதல் நாள் பெரியகுளம் பக்கம் ஜெயமங்கலத்தில், அடுத்த இரண்டு நாள் கோம்பையில், கடைசி நாள் மேகமலையில் என்று மூன்று வீடுகளைப் பிடித்தேன்.

ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் செய்து விசாரித்தேன். எத்தனை மணிக்குப் பலகாரம், கரண்ட் போனால் ஃப்ரிட்ஜ் ஓடுமா, பக்கத்தில் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம். மறுமுனையில் இருப்பவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ தெரியாது. கோம்பை வீட்டுக்கார அக்கா மட்டும் சலித்துக்கொள்ளாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மருந்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம் என்றவர், பேச்சோடு பேச்சாக, “மருந்து யாருக்குத்தா, ஒங்க வீட்டுக்காரவுகளுக்கா?” என்று கேட்டார்.

ஆமாம் அக்கா, அவருக்குச் சுகர் என்று சொல்லிவிட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வாயில் தயாராக இருந்த மாதிரி வந்தது.

உண்மையில் தயாராகத்தான் இருந்தது. நோய் தெரிந்த முதல் மாதமே என் நாத்தனார் சொல்லிவிட்டார். பெண் பிள்ளை, நாளைக்கு ஒரு இடத்தில் கொடுக்க வேண்டாமா, வெளியில் மூச்சு விடாதே என்று. அவர்மேல் பழியைப் போடுவது சுலபம். அவர் சொல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் செய்திருப்பேன். பள்ளியில் வகுப்பு ஆசிரியை ஒருவருக்குத்தான் தெரியும். தோழிகளுக்குத் தெரியாது, எதிர்வீட்டுக்குத் தெரியாது. மகள் மதியம் பள்ளிக் கழிப்பறையில் நின்றுகொண்டு ஊசி போட்டுக்கொள்வாள். யார் கேட்டாலும் சொல்லாதே என்று நான் அவளுக்குச் சொன்னது ஒரு தடவை இரண்டு தடவை இல்லை.

மற்ற இரண்டு வீட்டுக்கும் அதையே சொன்னேன். இப்படியாக என் கணவர் போனிலேயே சர்க்கரை நோயாளி ஆனார். மனுஷருக்கு இனிப்பு என்றால் உயிர். ஜெயமங்கலத்து வீட்டில் அவருக்கு மட்டும் சர்க்கரை போடாத காபி வந்தது. குடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணமான பதிமூன்று வருடத்தில் நான் அவருக்கு வாங்கிக்கொடுத்த ஒரே பொருள் இந்தச் சுகர்தான் என்று காரில் ஏறியதும் சொன்னார். மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். கோம்பை போய்ச் சேரும் வரை அது எங்களுக்கு ஒரு விளையாட்டாகவே இருந்தது.

கோம்பை வீடு தென்னந்தோப்பு ஓரத்தில் இருந்தது. கீழே அந்த அக்காவும் அவர் கணவரும். மாடியில் எங்களுக்கு ஒரு அறை. சுற்றிலும் திராட்சைப் பந்தல், பின்னால் மலை. வாசலில் அவர்கள் வளர்க்கும் கோம்பை நாய் மூன்று குட்டிகளோடு படுத்திருந்தது. மகளை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. அக்கா அவளை வாய்க்கு வாய் ஆத்தா, ஆத்தா என்று கூப்பிட்டார். மறுநாள் காலையில் என் கணவருக்கு உப்பு போட்ட கேழ்வரகுக் கூழ், மகளுக்குக் கருப்பட்டிப் பணியாரம். இரண்டு போதும் என்று மகள் சொன்னதற்கு, வளர்ற பிள்ளை என்று மூன்றாவதையும் தட்டில் வைத்தார். நான் பதறிப்போய், அவருக்குத் தெரியாமல் அதை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். இன்னும் மூன்று வேளை தாண்டினால் போதும் என்று மனம் கணக்குப் போட்டது.

அன்று காலை சுருளி அருவிக்குப் போனோம். காரை நிறுத்திவிட்டு நடக்கிற தூரத்தை மகள் பாதி ஓடியே கடந்தாள். தண்ணீரில் நன்றாக ஆடினாள். இரண்டு வருடமாக நான் பார்க்காத முகம் அது. திரும்பும்போது கோம்பையை நெருங்கியதும் அக்காவுக்குப் போன் செய்தேன். எல்லாம் ஆயிருச்சு, வந்து உக்கார வேண்டியதுதான் என்றார். உடனே காரை ஓரம் கட்டச் சொன்னேன். விரலில் குத்திப் பார்த்தால் நூற்றுப் பதினெட்டு. நல்ல அளவுதான். ஊசியை அங்கேயே, காருக்குள்ளேயே போட்டேன். வீட்டுக்குள் போட்டால் அக்கா கண்ணில் பட்டுவிடுமே. எல்லா ஊசியும் அந்தப் பயணத்தில் காரிலோ பூட்டிய அறையிலோதான்.

வீட்டை அடைந்தோம். மகளை நேராகப் போய்ச் சாப்பிட உட்காரச் சொல்லிவிட்டு, ஈரத்துணி மூட்டையோடு நானும் கணவரும் மாடிக்குப் போனோம். நான் தலை துவட்டி, உடை மாற்றி, துணிகளைப் பிழிந்து கொடியில் போட்டேன். கீழே பாத்திரச் சத்தம் கேட்டது. பிள்ளை சாப்பிடுகிறாள் என்று நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருக்கும். கீழே இறங்கினேன். சாப்பாட்டு மேசையில் இலை போட்டிருந்தது. மூன்று இலையும் அப்படியே காலியாக இருந்தது. அக்கா அடுப்படியில் நின்று ஏதோ கிளறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், கணவருக்கு வெள்ளைச் சோறு ஆகாதே என்று கடைசி நேரத்தில் நினைவு வந்து சாமை போட்டதாகவும், அது வேகக் கொஞ்சம் மக்கர் பண்ணுவதாகவும், எல்லோரும் சேர்ந்தே சாப்பிடலாம் என்று ஆத்தாளைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னதாகவும் சொன்னார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

வாசலுக்கு ஓடினேன். மகள் நாய்க்குட்டிகளுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றி, கழுத்து எல்லாம் வியர்வை. உதடு வெளுத்திருந்தது. மடியில் ஒரு குட்டி படுத்திருக்க, அதைத் தடவுகிற கை நடுங்கியது. கூப்பிட்டால் என்னைப் பார்க்கிறாள், ஆனால் பார்வை என்மேல் நிற்கவில்லை. குளுக்கோஸ் பாக்கெட் காரில். கார் சாவி மாடியில். ஐந்து நாளைக்குத் திட்டம் போட்டவளுக்கு அந்த நிமிடம் கால் நகரவில்லை.

சுகர் இறங்கிருச்சு, சுகர் இறங்கிருச்சு என்று மட்டும் கத்தினேன்.

அந்த அக்கா மின்னல் வேகத்தில் ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஓடி வந்தவர், என்னையும் என் மகளையும் தாண்டிப் போய், சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த என் கணவரைத் தோளைப் பிடித்துப் படியிலேயே உட்கார வைத்தார். “குடிங்க தம்பி, பயப்படாதீக, மடக்குனு குடிங்க” என்று டம்ளரை அவர் வாயில் வைத்து அழுத்தினார். என் கணவர் திருதிருவென்று விழித்தார். அந்த நிலையிலும், உண்மையைச் சொல்லலாமா கூடாதா என்று அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரே ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“அவருக்கு இல்லைக்கா. என் பொண்ணுக்கு” என்றேன்.

வகுப்பு ஆசிரியையைத் தவிர, வெளி ஆள் ஒருவரிடம் நான் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா டம்ளரோடு திரும்பி வந்து தரையில் மண்டியிட்டு, மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். முழுங்கு ஆத்தா, அப்படித்தான், இன்னொரு வாய் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கணவர் மீட்டரை எடுத்து வந்து பார்த்தபோது நாற்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது. கால் மணி நேரம் கழித்து எழுபத்தாறு. அந்தக் கால் மணி நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை. மகள் நிமிர்ந்து உட்கார்ந்து, நாய்க்குட்டி எங்கே என்று கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதன் பிறகு சோறு போட்டார். மகள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். நான் ஏன் பொய் சொன்னேன் என்று என்னென்னவோ சொல்லி அழுதேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ, பச்சைப் பிள்ளையைப் பசியோடு உட்கார வைத்துவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டார். சாமை வேகட்டும் என்று நினைத்தது என் தப்புதான் என்றார். அதைக் கேட்க எனக்கு இன்னும் கூசியது. அவர் சாமை போட்டதே நான் சொன்ன பொய்யை நம்பித்தான்.

பிறகு அவர் மகளிடம் திரும்பினார். “நீ சொல்லு ஆத்தா. ஊசி போட்டா எம்புட்டு நேரத்துல சோறு வேணும்?” என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி கொட்டினாள். எந்த ஊசி எப்போது, ஒரு இட்லிக்கு எவ்வளவு மருந்து, ஓடி ஆடினால் ஏன் குறைக்க வேண்டும், எல்லாம். அவளுக்கு இவ்வளவு விவரம் தெரியும் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. அக்காவின் கணவர் தோட்டத்திலிருந்து ஒரு கொத்து பன்னீர் திராட்சையோடு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அப்படியா என்றார். அப்படியானால் எத்தனை பழம் தின்னலாம் என்று அவளிடமே கேட்டார். சாயங்காலம் பத்து தின்னலாம் என்றாள். பத்தை எண்ணிக் கிள்ளி ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தார். என் நாத்தனாரும் நானும் இரண்டு வருடமாக எதை நினைத்து நடுங்கினோமோ, அது அந்த வீட்டில் அவ்வளவு சாதாரணமாக முடிந்துபோனது.

சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போது மகளிடம் கேட்டேன். பசிக்கிறது என்றாவது அந்த அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று.

“பசிக்குதுன்னு சொன்னா, என்ன அவசரம்னு கேப்பாங்க. அப்புறம் ஊசியைச் சொல்லணும். நீதானேம்மா சொல்லக் கூடாதுன்ன” என்றாள். பிறகு, “கை எல்லாம் நடுங்குச்சு. நீ எப்படியும் வந்துருவேன்னு படியையே பாத்துட்டு இருந்தேன்” என்றாள்.

துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மேகமலைக்குக் கிளம்பினோம். அந்த வீட்டிலும் சுகர் என் கணவருக்கு என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். மலையில் ஏறினால் போன் எடுக்காது என்பதால், சின்னமனூரில் காரை நிறுத்தச் சொல்லிப் போன் செய்தேன். மணி அடித்தது. அந்தம்மா எடுத்துவிட்டார். இங்கே எனக்கு முதல் வார்த்தை வரவில்லை. ஹலோ, ஹலோ என்று அவர் கேட்டுக்கொண்டிருக்க, பின்சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு போனை வாங்கியது.

“ஆண்ட்டி, அம்மா மாத்திச் சொல்லிட்டாங்க. சுகர் அப்பாவுக்கு இல்லை, எனக்கு. ஊசி போட்டா நான் உடனே சாப்பிடணும். லேட்டானா கேப்பேன், தப்பா நினைச்சுக்காதீங்க” என்றாள் என் மகள்.

இப்போதெல்லாம் எங்கே தங்கப் போனாலும், முன்கூட்டியே போன் செய்து விவரம் சொல்வது அவள்தான். பள்ளியில் வகுப்பிலேயே உட்கார்ந்து ஊசி போட்டுக்கொள்கிறாள். எதிர்வீட்டுக்குத் தெரியும், சொந்தக்காரர்களுக்குத் தெரியும். அதனால் எந்த நல்ல இடம் கைநழுவப்போகிறது என்று நாத்தனார் இன்னும் கவலைப்படுகிறார். நான் திருந்திவிட்டேன், பயம் எல்லாம் போய்விட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய். அவள் யாரிடமாவது சொல்லும்போதெல்லாம், கேட்பவரின் முகம் மாறுகிறதா என்றுதான் நான் இன்னும் பார்க்கிறேன். அந்தப் பயம் என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும், அதைச் சுமந்துகொண்டு என் பிள்ளை இன்னொரு தடவை வாய் திறக்காமல் என்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாம்.