மூன்றாவது தூணின் விரிசல்

சுத்தியலார் என்றால்தான் அந்த ரயில் பாதை நெடுகத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. தோளில் நீளக் காம்புச் சுத்தியல், கக்கத்தில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு கொடிகள். விடிந்ததும் தண்டவாளத்தோடு நடக்க ஆரம்பித்தால், தளர்ந்த ஆப்புகளை ஒவ்வொன்றாக அடித்து இறுக்கிக்கொண்டே போவார். முப்பத்தொரு வருஷமாக அதுதான் வேலை.

அவர் சேர்ந்த காலத்தில் அந்தச் சின்ன ரயிலுக்கு இருந்த மவுசே வேறு. இரண்டரை அடி அகலப் பாதை. பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால்கள் இடித்துக்கொள்ளும். ஆனாலும் கல் குவாரிக்கும் ஆலை நகரத்துக்கும் நடுவில் நாளைக்கு ஆறு வண்டி ஓடியது. மூன்றில் கல், மூன்றில் ஆள். சந்தை நாளில் படிக்கட்டில்கூட நிற்க இடம் கிடைக்காது. வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் தண்ணீர் வருமா என்று கேட்பதற்கு முன்னால், ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். அவருடைய ஐந்து கிலோமீட்டரைப் பார்த்துக்கொள்ளவே எட்டுப் பேர் இருந்தார்கள்.

அப்புறம் தார் ரோடு வந்தது. கல்லை லாரி அள்ளிக்கொண்டு போனது, ஆட்களை பஸ் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டது. ஆறு வண்டி நாலானது, நாலு இரண்டானது. கடைசியில் காலையில் போய் மாலையில் திரும்பும் ஒற்றை வண்டிதான் மிஞ்சியது. ஓய்வு பெற்றவர்களின் இடத்துக்குப் புது ஆள் போடவில்லை. எட்டுப் பேர் பார்த்த ஐந்து கிலோமீட்டர், ஒரே ஆள் பார்க்கும் பதினொரு கிலோமீட்டராகிப் போனது. அப்படித்தான் ஆற்றுப் பாலமும் சுத்தியலார் தலையில் வந்து விழுந்தது.

பாலத்துக்கு ஐந்து கல் தூண்கள். மூன்றாவதில் ஒரு விரிசல். சிமென்டைக் குழைத்து அதன் குறுக்கே பட்டையாகப் பூசி, ஆணியால் தேதியைக் கீறிவைத்தார். பட்டை உடைந்தால் விரிசல் வளர்கிறது என்று அர்த்தம். மூன்று மாதத்தில் இரண்டு பட்டை உடைந்தது. இரண்டு தடவையும் மேலே எழுதிப் போட்டார். இரண்டு தடவையும் ஒரே பதில்தான்: கவனத்தில் கொள்ளப்பட்டது.

ஒருநாள் இன்ஜினியரே வந்தார். தூணைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மூடப்போற லைனுப்பா இது. இதுக்குப் போய் யாரு புதுசா பாலம் கட்டித் தருவா? கல்லுத் தூணு, அதுபாட்டுக்கு இன்னும் பத்து வருஷம் நிக்கும்."

"நிக்கும்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க சார். நான் நிம்மதியா இருப்பேன்."

இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்பிப் போனார்.

அன்றிலிருந்து காலை வண்டி பாலத்தைத் தாண்டும் வரை அவர் கரையிலேயே நிற்பார். கட்டிக்கொண்டு போன சோற்றுப் பொட்டலத்தை, கடைசிப் பெட்டி அந்தக் கரை சேர்ந்த பிறகுதான் பிரிப்பார்.

இரண்டு நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் போய்ப் பார்த்தால், மூன்றாவது பட்டையும் நட்டநடுவில் பிளந்திருந்தது. இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார், நகம் மறையும் வரை உள்ளே போனது. வண்டி வர இருபது நிமிஷம்கூட இல்லை. அவர் யாரையும் கேட்கவில்லை. கொடியைப் பிரித்துக்கொண்டு வண்டி வரும் திசையில் ஓட்டம் பிடித்தார்.

டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு வெளியே தலையை நீட்டினார். "என்னண்ணே, மாடு படுத்துருக்கா?"

"பாலம் சரியில்ல. வண்டி போகக் கூடாது."

"யாரு உத்தரவு?"

"என் உத்தரவுதான்."

அறுபது சொச்சம் பேர் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ரோடு வரைக்கும் சேற்றில் நடந்தார்கள். அவரைத் திட்டாத வாய் இல்லை. மறுநாள் 'தற்காலிகமாக நிறுத்தம்' என்று ஸ்டேஷனில் ஒரு தாள் ஒட்டினார்கள். அடுத்த வாரம் அதன் மேலேயே வேறு தாள் வந்தது. அதில் 'தற்காலிகமாக' இல்லை.

பழியெல்லாம் அவர் மேல்தான். ஸ்டேஷன் வாசலில் டீக்கடை வைத்திருந்த அக்கா அவருக்கு டீ கொடுத்தாள், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. டிரைவரைப் பெரிய ஸ்டேஷனில் இன்ஜினால் காலிப் பெட்டிகளைத் தள்ளி நிறுத்தும் வேலைக்குப் போட்டார்கள். "ரிட்டயராக ஒரு வருஷம் இருக்கறப்ப என்னைப் பொட்டி தள்ள வச்சிட்டியேண்ணே" என்றார். அதற்கப்புறம் பேச்சுவார்த்தை நின்றது.

சுத்தியலாருக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாப்பாட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார்.

"அவசரப்பட்டுட்டேனோ?"

"விரிசல் இருந்துச்சா இல்லையா?" என்றாள் மனைவி.

"இருந்துச்சு."

"அப்ப சாப்பிடுங்க. ஆறுது."

ஐந்து வாரம் கழித்து ஒருநாள் நடுப்பகல். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். யாரும் தொடாமலே மூன்றாவது தூண் சரிந்தது. அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் ஓடிவந்து சொன்ன பிறகுதான் ஊருக்கே தெரியும்.

சுத்தியலார் போய்ப் பார்த்தார். தண்டவாளம் இரண்டும் துணி உலர்த்தும் கொடி மாதிரி அந்தரத்தில் தொங்கின. கீழே கல் குவியல். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. அப்படியே சரிவில் உட்கார்ந்தார். நெஞ்சில் மாதக்கணக்காக அடைத்துக்கொண்டிருந்தது எங்கே போனதென்றே தெரியவில்லை. வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் டிரைவர் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"என் பொண்ணு தினமும் அந்த வண்டியிலதாண்ணே காலேஜ் போவா. முத பொட்டியில, எனக்குப் பின்னாலயே."

"தெரியும். உள்ள வா."

மனைவி கேட்காமலே இன்னொரு தட்டு வைத்தாள். இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மூன்றாவது தடவை குழம்பு ஊற்றும்போதுதான் டிரைவர் வாய் திறந்தார். "காலிப் பொட்டி தள்றது ஒண்ணும் மோசமில்லண்ணே. முதுகு வலி கொறஞ்சிருக்கு."

சுத்தியலாருக்கு நகரத்துச் சாமான் கிடங்கில் வேலை போட்டார்கள். தினமும் பஸ்ஸில்தான் போகிறார். ஏறியதும் ஜன்னலோரம் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வார். ரோட்டில் பள்ளம் இருந்தாலும் மேடு இருந்தாலும், அதைப் பார்க்க வேண்டியவர் வேறு யாரோ.