சிமிட்டாத சிவப்பு

இல்லை, கடை அன்றும் திறந்துதான் இருந்தது. நாங்கள் எல்லோரும் முதலில் கேட்டது, கடை பூட்டியிருந்ததா என்றுதான். ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே போன ரமீஸா அக்கா கல்லாவில் சாய்ந்தார்; பிறகு எழவில்லை. அப்பாவின் போனில் ஆட்டோ ஸ்டாண்ட் முருகேசு மாமா அழுதார். "அக்கா போயிட்டாங்கண்ணே."

ஹட்டனில் அவருடைய உதிரிப்பாகக் கடையில் எல்லாம் கிடைக்கும். சிமிட்டும் பிரேக் விளக்கும், விளக்கின் மேல் ஒட்டும் கறுப்புத் தாளும் மட்டும் கிடைக்காது. ஸ்டாண்ட்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள்.

"கினிகத்தேனையில கேட்ட ஒடனே எடுத்துக் குடுக்குறாங்கக்கா," என்றார் முருகேசு மாமா.

"அப்ப அங்கயே பெரிய ஹோர்னும் வாங்கிக்க. மோதினப்புறம் அடிக்கலாம்."

நான் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறையில் வந்திருந்தேன். பிரேக் விளக்கு பற்றிய விதி சிங்களத்தில் இருந்தது. கடைச் சுவருக்காகத் தமிழாக்கித் தரச் சொன்னார் அக்கா. கவனமாக, நீளமாக எழுதிக்கொண்டு போனேன். வாசித்தார். சிரித்தார்.

"நல்லா இருக்கு மகள். ஆனா இத வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள முன்னால போற வண்டியில இடிச்சிருவான்."

இருவரும் உட்கார்ந்து வெட்டினோம். மிஞ்சியது மூன்று வரி. சிவப்பாக எரிய வேண்டும். சிமிட்டக் கூடாது. மறைக்கக் கூடாது. நான் எழுதியவற்றில் அதிகம் பேர் படித்தது அதுதான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கோயில் தேருக்குப் பின்னால் முதலில் போகும் ஆட்டோவுக்குத் தனி மரியாதை. வயதானவர்களையும் குழந்தைகளையும் அதில்தான் ஏற்றுவார்கள். ஜோடனை அதிகமான வண்டிக்கே அந்த இடம். அதற்காகத்தான் அத்தனை சிமிட்டல். அக்கா ஒருநாள் கோயில் கமிட்டிக்கே வந்துவிட்டார். நானும் உடன் போனேன்.

"நம்ம கோயில் விஷயத்துல நீங்க ஏம்மா?" என்றார் தலைவர்.

"சாமி முன்னுக்குப் போறாங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆட்டோவுக்குப் பின்னால ஜெனரேட்டர் லொறி வருதே. எறக்கத்துல பனி எறங்கினா அந்த டிரைவர் எதப் பாத்து நிப்பாட்டுவாரு? எல்லா லைட்டும் சிமிட்டுனா எது பிரேக்கு?"

தேநீர் வந்தது. குடித்து முடித்தபோது வழக்கம் மாறியிருந்தது. ஜோடனை எவ்வளவும் செய்யலாம். பிரேக் விளக்கு விதிப்படி இல்லாத வண்டிக்கு முதலிடம் இல்லை.

அந்த வருடத் தேரன்று காலை அக்கா ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் நின்று கத்தினார். "மிதி! விடு! மிதி!" முருகேசு மாமாவின் வண்டி இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டது. மூன்றாவது முறை கறுப்புத் தாள் இல்லை. முதலிடம் அவருக்கே கிடைத்தது.

மாலையில், இறக்கத்தில், தேர்ச் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. எல்லாம் ஒரேயடியாக நின்றன. பனி. லொறி ஆட்டோவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. ஆட்டோவுக்குள் என் தங்கை இருந்தாள்.

"ஒரே ஒரு செவப்பு மட்டும் நின்னு எரிஞ்சிச்சு. அதப் பாத்துத்தான் மிதிச்சேன்," என்றார் லொறிக்காரர்.

அக்காவிடம் போய்ச் சொன்னோம். "அதுக்குத்தானே லைட்டு," என்றார்.

அக்காவின் ஜனாஸா அடக்கத்துக்குப் போன அன்று ஸ்டாண்ட் வண்டிகள் எல்லாம் பின்னால் போயின. வளைவில் ஒவ்வொன்றாகச் சிவந்தன. ஒன்றுகூடச் சிமிட்டவில்லை. அதைப் பார்க்க அவர் இருந்திருக்க வேண்டும்.

இந்த வருடத் தேர் அதை அடுத்தே வந்தது. "அக்காதான் இல்லையே, யாரு பாக்கப் போறா?" என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். ஒரு வண்டியில் பிரேக் விளக்கின் இடத்தில் நீல விளக்கு ஏறியிருந்தது.

என்னிடம் இருப்பது அவருடைய மூன்று வரி. பிறகு, அவர் நின்ற இடம்.

தேரன்று காலை கோயில் வாசலில், வண்டிகளுக்குப் பின்னால் போய் நின்றேன். அவரைப் போலவே கத்தினேன்.

"மிதிங்க மாமா!"

நீல விளக்கு வண்டியைத் திருப்பி அனுப்பினேன்.